புதுப்பிப்பு: சால்ட் லேக்குக்குக் கடிதம் எழுதுமுன்

மோர்மன் சபையை (அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு) விட்டு விலக நினைப்பவர்கள் தலைவர்களுடன் பேச, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலுள்ள தலைமையகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம் என்று முன்பு சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். உறுப்பினர்கள் அப்படி எழுதுவதையே சபையின் பொதுக் கையேடு ஊக்குவிப்பதில்லை. கடிதம் பெரும்பாலும் உள்ளூர் ஸ்டேக் தலைவரிடமே (பல உள்ளூர்ச் சபைகளை மேற்பார்ப்பவர்) திரும்பி வரும். ஆகவே முதலில் பிஷப் (உங்கள் உள்ளூர்ச் சபையின் தலைவர்), அடுத்து ஸ்டேக் தலைவர் என்ற வரிசையில் போங்கள்.

ஐம்பது கேள்விகளை அடுக்கினால் பேச்சு அங்கேயே முறியும், இரண்டு போதும். 2013 இறுதியிலிருந்து சபையே வெளியிட்ட வரலாற்றுக் கட்டுரைகளை ஆதாரமாக வையுங்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தொப்பிக்குள் கல்லை வைத்து அதைப் பார்த்து மோர்மன் புத்தகத்தை (சபையின் வேதநூல்) மொழிபெயர்த்தது, அவருடைய பலதார மணம், இரண்டும் அவற்றில் உண்டு. 'எதிரிகளின் பொய்' என்று ஒதுக்க முடியாது. பிஷப்புக்கே அவை புதிதாக இருக்கலாம், சம்பளமில்லாமல் ஊழியம் செய்பவர்தானே!

மேல்மட்டச் சந்திப்பு நடக்கவே நடக்காது என்றில்லை. 2010 நவம்பரில் சபை வரலாற்றாளர் மார்லின் ஜென்சனும் அவருடைய உதவியாளர் ரிச்சர்ட் டர்லியும் சுவீடனின் ஸ்டாக்ஹோம் போய், சந்தேகம் கொண்ட உறுப்பினர்களின் கேள்விகளை எதிர்கொண்டார்கள். ஆனால் கேட்டவர்கள் அப்போது உள்ளே இருந்தவர்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிய பிறகு, பதில் கேட்க உங்களுக்கு இருக்கும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். விலகல் கடிதத்தைக் கடைசியில் கொடுங்கள்.