அமெரிக்க இராணுவத்தில் இருந்த பெரியப்பா மட்டக்களப்பில் காலமானார்: அடக்கச் செலவு, கல்லறைப் பலகை எடுப்பது எப்படி?

கல்லடிப்பாலம்:
வணக்கம். பெரியப்பா அமெரிக்கப் பிரஜை. 1986இலிருந்து 1994 வரை அங்கே தரைப்படையில் இருந்தவர். ஊருக்குத் திரும்பி, 1999இல் பெரியம்மாவைப் பதிவுத் திருமணம் செய்து கல்லடியிலேயே இருந்தார். விஏ என்கிற முன்னாள் படையினர் திணைக்களத்திலிருந்து 60 வீத ஊனக் கொடுப்பனவு மாதா மாதம் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மாரடைப்பால் காலமானார். சேர்ச் சேமக்காலையில் அடக்கம் முடிந்துவிட்டது. மரண அத்தாட்சிப் பத்திரம் தமிழில் கையில் இருக்கிறது. பெரியம்மா இலங்கைப் பிரஜை. வெளிநாட்டில் அடக்கம் செய்தால் ஒன்றும் கிடைக்காது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

வாவிக்கரை:
தம்பி, அது பிழையான கதை. ஆனால் விஏ படிவங்களில் இப்போதே கை வைக்க வேண்டாம். முதலில் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தின் பிரஜைகள் சேவைப் பிரிவுக்கு அறிவியுங்கள். அவர்கள் வெளிநாட்டில் இறந்த அமெரிக்கப் பிரஜைக்கான இறப்பு அறிக்கையை ஆங்கிலத்தில் தருவார்கள். அமெரிக்காவில் மரண அத்தாட்சியாகச் செல்லுபடியாவது அதுதான். அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் 20 வரை இலவசம். வங்கி, விஏ, சோசல் செக்கியூரிட்டி, காப்புறுதி என்று ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள், ஆகவே கூச்சப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

இதில் ஆட்கள் மாட்டுப்படுவது பெயரில். நம் பதிவேட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, கடவுச்சீட்டில் பின்னுக்கு. மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்கு ஏற்றபடி ஆங்கில எழுத்துப் போட்டால் மூன்றாவது பெயர் ஒன்று பிறந்துவிடும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பத்திரத்திலேயே பெயர் பிழையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். திருத்தம் இழுபடும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் காத்து நிற்கும்.

இன்னொன்று, அந்த வங்கி அட்டையை யாரும் பாவிக்க வேண்டாம். விஏ ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் போடும். இறந்த பிறகு விழுந்த பணத்தைத் திறைசேரி திருப்பி எடுக்கும். இறந்த மாதத்துக்குரிய தொகை மனைவிக்கு உரித்தானது, அதை அவர் பெயரில் தனியாகப் பெறலாம். எடுத்துச் செலவழித்தால் கடனாகத்தான் நிற்கும்.

தாழங்குடா:
பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடக்கக் கொடுப்பனவு இரண்டு வகை. சேவையோடு தொடர்புபட்ட நோயால் இறந்திருந்தால் 2,000 டொலர் வரை. அப்படி இல்லாவிட்டால், இறக்கும்போது விஏ கொடுப்பனவு பெற்றவர் என்ற தகுதியில் சிறிய தொகை. 2024 ஒக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை நடந்த இறப்புக்கு அது 978 டொலர், நிலத்துக்கும் குழிக்குமாக இன்னொரு 978 வரை. படையில் இருந்ததற்காக மட்டும் எல்லாருக்கும் வரும் காசு இல்லை இது. உங்கள் பெரியப்பா 60 வீதம் எடுத்தவர் என்பதால்தான் கதவு திறந்திருக்கிறது.

30 வீதமோ அதற்கு மேலோ எடுப்பவருக்கு மனைவிக்காக மேலதிகமாகச் சேர்க்கலாம். அவர் சேர்த்திருந்தால் பெரியம்மா ஏற்கெனவே விஏ கோவையில் மனைவியாக இருப்பார். அப்படியானால் இறப்பை அறிவித்ததும் முதல் 978 விண்ணப்பம் இல்லாமலே அவருக்கு வரவேண்டும். வராவிட்டால் 21பி-530ஈஇசட் படிவம். நிலத்துக்கான பணத்துக்கு எப்படியும் அந்தப் படிவம் வேண்டும், செலவழித்த ஆதாரமும் வேண்டும். சேர்ச்சுக்குக் கட்டியது, குழி வெட்டிய கூலி எல்லாவற்றுக்கும் திகதி போட்ட பற்றுச்சீட்டு எடுங்கள். முதல் 978க்கான விண்ணப்பம் அடக்கம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நிலத்துக்கான பணத்துக்கும் சேவை தொடர்பான இறப்புக்கும் அந்தக் கெடு இல்லை.

ஆனால் 978இலேயே நின்றுவிடாதீர்கள். பெரியது மனைவிக்கான மாதாந்தக் கொடுப்பனவு, டிஐசி என்பார்கள். அதற்கு 21பி-534ஈஇசட். அவருடைய 60 வீதம் எந்த நோய்களுக்கு என்று விஏ கடிதத்தில் இருக்கும். அதில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருந்து, அதுவே மாரடைப்புக்கு ஒரு காரணம் என்று வைத்தியர் எழுதினால் டிஐசியும் 2,000 டொலரும் சாத்தியம். நம் மரணப் பத்திரத்தில் காரணம் ஒரு வரியில் முடிந்துவிடும், அது போதாது. வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டை, இசிஜி, பழைய கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் பிரதி எடுங்கள், இதய நோய் வைத்தியரிடம் காரணத்தை விளக்கும் கடிதமும் கேளுங்கள். இறந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் இறந்த மாதத்தின் முதலாம் திகதியிலிருந்தே கணக்கிடுவார்கள். பிந்தினால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான். பெரியம்மா இலங்கைப் பிரஜை என்பது தடையே இல்லை. திருமணம் பதிவாகியிருப்பதும் நல்லது. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டிருந்தால் சாட்சிக் கடிதங்களோடு அலைய வேண்டி வந்திருக்கும்.

கல்லடிப்பாலம்:
மிக்க நன்றி. அவரைப் படையிலிருந்து விடுவித்ததற்கான டிடி 214 பத்திரம் வீட்டில் இல்லை. நான் விண்ணப்பித்து எடுக்கலாமா? கல்லறைக்கு அரசாங்கம் பலகை தரும் என்றதும் உண்மையா?

மட்டுநகரான்:
நீங்கள் எடுக்க முடியாது. சென் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகம் நெருங்கிய உறவு என்று ஏற்பது மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் மட்டும். பெறாமகன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆவணம் கேட்கும் எஸ்எஃப் 180 படிவத்தில் பெரியம்மா கையெழுத்து வைத்து, மரண ஆதாரத்தோடு அனுப்பட்டும். விஏயின் கொடுப்பனவுப் பிரிவிடம் அவருடைய கோவை இருக்கும், ஆனால் பலகையைக் கவனிப்பது விஏயின் மயானப் பிரிவு. அங்கே அனுப்பும்போது பிரதி ஒன்றை இணைத்துவிட்டால் வேலை தடங்காது. விடுவிப்பின் தன்மை எழுதப்பட்ட நீளப் பிரதிதான் வேண்டும், குறும்பிரதியில் அது இருக்காது.

பலகை உண்மைதான், உலகில் எந்த மயானமானாலும் சரி. படிவம் 40-1330. நீங்கள் ஏற்கெனவே கல் கட்டியிருந்தாலும், 1990 நவம்பர் 1க்குப் பிறகு இறந்தவர் என்பதால் கேட்கலாம். நிமிர்ந்து நிற்கும் சலவைக்கல் ஏறக்குறைய 230 இறாத்தல், படுக்கைக் கருங்கல் 130, படுக்கை வெண்கலம் 18. வெண்கலப் பலகை 24க்கு 12 அங்குலம். தூக்கி இறக்கும் கூலியை நினைத்தால் வெண்கலம்தான் புத்தி. நட்டும் போல்ட்டும் கூட வரும், கீழே போடும் கொங்கிறீட் மேடை உங்கள் செலவு, பதிக்கும் கூலியும் அப்படியே. ஒரு எச்சரிக்கை: வெண்கலத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. மேடை காய முன்பே போல்ட்டை உள்ளே இறக்கி இறுக்கிவிடுங்கள்.

படிவத்தில் மயானப் பொறுப்பாளரின் கையெழுத்துக்கு இடம் உண்டு. இந்த வகைப் பலகையை இங்கே அனுமதிக்கிறோம் என்று போதகரிடம் வாங்குங்கள். பொருளைப் பொறுப்பேற்பவருக்கு வீட்டு விலாசமும் பகலில் எடுக்கும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். தபால் பெட்டி இலக்கத்தை ஏற்கமாட்டார்கள். பெயர், படைப்பிரிவு, பிறந்த, இறந்த வருடங்கள் கட்டாயம் பொறிக்கப்படும். பதவிநிலை, சிலுவை போன்றவை விரும்பினால். எழுத்துப் பிழையோடு வந்தால் மாற்ற மாதக்கணக்கில் போகும், ஆகவே தட்டச்சில் நிரப்புங்கள்.

அமெரிக்க ஜனாதிபதியின் நினைவுச் சான்றிதழும் கேட்கலாம், படிவம் 40-0247. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று பல பிரதிகள் தருவார்கள், கெடு கிடையாது. மூலப் பத்திரம் எதையும் அனுப்ப வேண்டாம், திரும்பி வராது.

அக்கரைப்பற்று_வாசகர்:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட குடும்பத்திலும் இப்படி ஒருவர் ஹயாத்தோடு இருக்கிறார். ஜனாஸாவை 24 மணித்தியாலத்துக்குள் அடக்குவோம். முன்கூட்டியே அனுமதி எடுக்கவேணுமா?

தாழங்குடா:
வ அலைக்கும் ஸலாம். வேண்டாம் நானா. எல்லாம் அடக்கத்துக்குப் பிறகு கேட்பதுதான், தூதரகத்துக்கும் அறிவித்தால் போதும், அவர்கள் வரும்வரை ஜனாஸாவை வைத்திருக்கத் தேவையில்லை. பிறையும் நட்சத்திரமும் பொறித்த பலகை உண்டு, ஆனால் மையவாடியில் எழுத்துப் பலகை வைக்கலாமா என்று பள்ளி நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டியவை டிடி 214 பிரதியை வீட்டில் வைத்திருப்பது, மனைவியின் பெயர் விஏ கோவையில் உண்டா என்று பார்ப்பது, நிக்காஹ் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வைப்பது. அவருடைய ஊனக் கொடுப்பனவு எந்த நோய்க்கு என்பதை மனைவி அறிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கல்லடிப்பாலம்:
விஏ கடிதம் கிடைத்துவிட்டது. நீரிழிவு 40 வீதம் என்று இருக்கிறது.

தாழங்குடா:
அப்படியானால் 534ஐ முதலில் அனுப்புங்கள் தம்பி. அதற்கு முன் இதய வைத்தியரின் கடிதம். நீரிழிவு மாரடைப்புக்குக் காரணமாக இருந்திருக்க 50 வீதமாவது சாத்தியம் என்ற கருத்து அதில் தெளிவாக இருக்க வேண்டும், ஏன் என்ற விளக்கமும் வேண்டும். "இருக்கக்கூடும்" என்று மட்டும் எழுதினால் விஏ கணக்கில் எடுக்காது.