மறு: கப்பல் ஒரு கடற்படையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு என்ன சொல்? கொடிமாற்றம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டின் போர்க்கப்பல் இன்னொரு நாட்டுக் கடற்படைக்குப் போவதைக் குறிக்க, இந்த இழையில் ஒப்படைப்பு, கையளிப்பு, கைமாற்றம் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் ஒரே கப்பலின் மேல் பொருத்திப் பார்த்தேன். கிரேக்கக் கடற்படையின் வேலோஸ் என்ற நாசகாரிக் கப்பல் (destroyer, வேகமான போர்க்கப்பல்).

அது பிறந்தது அமெரிக்காவில். பாஸ்டனில் கட்டி, 1942-ல் நீரில் இறக்கி, 1943 மே மாதம் 'சாரெட்' என்ற பெயரில் படையில் சேர்த்தார்கள். ஃப்ளெட்சர் வகையில் கட்டிய 175 நாசகாரிகளில் ஒன்று. பிலிப்பைன் கடல் சண்டை, லெய்ட்டே வளைகுடாச் சண்டை இரண்டையும் பார்த்தது. போர் முடிந்தபின் பல ஆண்டுகள் சும்மா கட்டிப்போட்டிருந்தார்கள். 1959 ஜூனில் கிரேக்கக் கொடி ஏறியது. பெயரும் வேலோஸ், அதாவது அம்பு, என்று மாறியது.

சிக்கல் இங்கேதான். 1959-ல் அமெரிக்கா கப்பலைக் கடனாகத்தான் கொடுத்தது. கிரேக்கம் அதை விலைக்கு வாங்கியது 1977-ல். நடுவில் 18 ஆண்டுகள் மாலுமிகள், கட்டளை, கொடி எல்லாம் கிரேக்கம். உடைமை மட்டும் அமெரிக்கா. அந்த இடைவெளியில்தான் கப்பலின் வாழ்க்கையில் மிகப் பெரிய நாளும் வந்தது. 1973 மே 25 அன்று நேட்டோ பயிற்சியில் இருந்த வேலோஸை அதன் தலைவர் நிக்கோலாஸ் பப்பாஸ் அணியிலிருந்து விலக்கி, இத்தாலியின் ஃபியுமிசினோ பக்கம் கொண்டுபோய் நங்கூரம் போட்டார். ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவக் குழுவுக்கு எதிரான கலகம் அது. அவரோடு சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டோர் அரசியல் அடைக்கலம் கேட்டார்கள். ஏட்டில் அமெரிக்கச் சொத்து. ஆனால் கிரேக்கக் கப்பலாக நின்றுதான் கிரேக்க ஆட்சியை எதிர்த்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, சொற்களுக்கு வருவோம். 'கையளிப்பு' என்றால் கொடுத்தது கொடுத்ததுதான், கடன் என்ற பொருள் அதில் நிற்காது. 'ஒப்படைப்பு' என்றதும் தோற்றவர் ஆயுதத்தை ஒப்படைப்பதோ, உரியவரிடம் பொருளைத் திருப்பிக் கொடுப்பதோதான் நினைவுக்கு வருகிறது. 'கைமாற்றம்' ஓரளவு நெருங்குகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கும் மக்கள் நாம். வேலோஸுக்கு அது பொருந்தலாம். 1949-ல் பிரிட்டனிடமிருந்து இந்தியா வாங்கி ராஜ்புத் என்று பெயரிட்ட ராதர்ஹாம் என்ற நாசகாரிக்குப் பொருந்தாது. 1940-ல் தளங்களின் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஈடாக அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்த 50 நாசகாரிகளுக்கும் பொருந்தாது, அது பண்டமாற்று.

கடனோ விலையோ பண்டமாற்றோ, எல்லாவற்றிலும் பொதுவாக நடப்பது ஒன்று: ஒரு கொடி இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. அதனால் 'கொடிமாற்றம்' என்று முன்மொழிகிறேன். உடைமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதுதான் அதன் பலம். எப்படி மாறியது என்பதைப் பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

வணிகக் கப்பல்களும் கொடி மாற்றுகின்றனவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே முதலாளி மாறாமலே பதிவுசெய்த நாடு மட்டும் மாறலாம். அதற்குப் 'பதிவுமாற்றம்' என்று வைத்தால் குழப்பம் தீரும்; உண்மையில் மாறுவதும் பதிவேடுதானே.

அப்புறம் ஒன்று. கப்பலைப் படையில் சேர்ப்பதற்கு (commission) 'பணியமர்த்தல்' வேண்டாம், அது ஆளுக்கு வேலை கொடுப்பது. சேர்ப்பதற்குப் 'படைசேர்ப்பு', பணியிலிருந்து விலக்குவதற்குப் 'படைவிலக்கு' என்ற இணை போதும். இவற்றை வைத்து வேலோஸின் பணி வரலாற்றை எழுதிப் பார்த்தேன்:

சாரெட் / வேலோஸ். நீரிறக்கம் 1942. படைசேர்ப்பு 1943, அமெரிக்கா. கொடிமாற்றம் 1959, கிரேக்கம், கடனாக. உடைமை மாற்றம் 1977, விலைக்கு. படைவிலக்கு 1991. இப்போது அருங்காட்சியகக் கப்பல்.

வினையாகவும் வருகிறது: '1959-ல் கொடிமாறியது.' இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.