வால்வு அறுவை சிகிச்சையின்போது ரத்தக்கட்டி மூளைக்குச் செல்லாமல் எப்படித் தடுக்கிறார்கள்?

கேள்வி: பாம்பன்காரன்

என் தாயாருக்கு வயது 54. சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. நாடித்துடிப்பும் ஒழுங்கற்று இருப்பதால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை எடுத்து வருகிறார். உலோக வால்வு பொருத்த வேண்டும் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் பைபாஸ் செய்துகொண்ட பெரியவர் ஒருவருக்கு, மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது வலது கை அசையவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அம்மா வரவே மறுக்கிறார். அத்தகைய ஆபத்தைத் தடுக்க உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

பதில்: தொண்டி, பம்ப் தொழில்நுட்பர்

தம்பி, இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குவதே என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூளைக்குச் சென்று அடைப்பவை ரத்தக்கட்டி, காற்று, மகாதமனியின் உட்சுவரிலிருந்து உதிரும் கொழுப்பு, சுண்ணாம்புத் துகள்கள் எனப் பலவகை. உங்கள் தெருப் பெரியவருக்கு என்ன நேர்ந்தது என்று நான் அறியேன். பைபாஸில் பெரும்பாலும் அஞ்சுவது துகள்களைத்தான். உங்கள் அம்மாவின் நிலையில் நாங்கள் முதலில் நினைப்பது கட்டியும் காற்றும்.

வால்வு சுருங்கி, துடிப்பும் தடுமாறும்போது இடது மேலறையிலும், அதன் ஓரத்தில் காதுமடல் போலிருக்கும் பையிலும் ரத்தம் தேங்கி உறையும். ஆகவே உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால், மகாதமனிக்குக் கவ்வி போடும்வரை இதயத்தை அதிகம் தொட மாட்டார்கள். பிறகு மேலறையைத் திறந்து, வால்வில் கை வைப்பதற்கு முன் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டுக் கழுவுவார்கள்.

பம்பில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு கிலோ உடல் எடைக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் 480 வினாடியைத் தாண்டியதை உறுதிசெய்த பிறகே இயந்திரத்தை ஓட்டுகிறோம். இடையிடையே மீண்டும் சோதிப்போம். உடலுக்குத் திரும்பும் ரத்தம் சுமார் 40 மைக்ரான் வடிகட்டியைக் கடந்து செல்கிறது.

காற்றுதான் எனக்கு எப்போதும் கவலை. திறந்த மார்புக்குள் கரியமில வாயுவைப் பாய்ச்சுவார்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் குழியில் தங்கிக் காற்றை வெளியேற்றும்; தப்பித் தவறிக் குமிழாக உள்ளே போனாலும் ரத்தத்தில் விரைவில் கரைந்துவிடும். இறுதியில் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, மகாதமனியின் அடிப்பகுதியில் உறிஞ்சுகுழல் வைத்து, எக்கோ திரையில் காற்றுக்குமிழ்களைக் காட்டும் வெண்புள்ளிகள் அடங்கும்வரை காத்திருப்போம்.

பதில்: கீழக்கரை

என் வாப்பா சங்கு குளித்தவர். காற்றுக்குமிழ் என்றாலே பதறுவார். அவருக்கு பைபாஸ் செய்தபோது, மகாதமனியின் மேலேயே அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துப் பார்த்து, சுண்ணாம்பு படிந்திருப்பதைக் கண்டு, அதைத் தொடாமல் இரண்டு மார்புத் தமனிகளையும் கொண்டே துடிக்கும் இதயத்தில் செய்து முடித்தார்கள். பைபாஸ் செய்யவிருப்போர் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. வால்வுக்கு இந்த வழி பொருந்தாது.

பதில்: ராமநாதபுரம், பொது மருத்துவர்

அந்தக் காதுமடல் பையை அதே அமர்வில் தைத்து மூட முடியுமா என்றும் கேளுங்கள். துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மற்ற இதய அறுவையோடு சேர்த்து அதை மூடியபோது, பக்கவாதமும் பிற எம்போலிசமும் (கட்டி ரத்தத்தில் மிதந்து சென்று வேறிடத்தில் அடைப்பது) 100 பேரில் 7 என்ற அளவிலிருந்து ஏறத்தாழ 5 ஆகக் குறைந்ததை 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. உலோக வால்வு வைத்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே முடிவை அறுவை நிபுணரிடமே விடுங்கள். அசிட்ரோமை எந்த நாளில் நிறுத்துவது, இடையில் ஊசி தேவையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரைப் பார்த்தாயிற்றா? சொத்தைப் பல்லின் கிருமி புது வால்வில் ஒட்டினால், அங்கு வளரும் கட்டியும் மூளைக்குப் போகும்.

பாம்பன்காரன்

அனைவருக்கும் நன்றி. தொண்டி அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பெரியவருடையது வேறு அறுவை என்பது புரிந்த பிறகு அம்மா வரச் சம்மதித்தார். ஒரு கடைவாய்ப்பல் ஆடுகிறது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்த்துவிட்டு, மதுரை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் அதை எடுக்க ஏற்பாடு செய்கிறேன்.