சொல்வதெழுதுதல்ல பக்கத்துக்கு இருபது தப்பு, என்ன செய்யுறது? அவசரம்

பள்ளத்தூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம், பையன வீட்டுல வச்சுத்தான் படிக்க வைக்கிறோம், ரெண்டு மாசமா தினமும் டிக்டேஷன் போடுறோம் கொறையவே மாட்டேங்குது, பக்கத்துக்கு இருபது தப்பு, தப்பான வார்த்தைய பத்து பத்து தடவ எழுதச் சொல்லியும் பாத்தாச்சு மறுநாள் அதே தப்பு. நேத்து நோட்ட மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். பரீட்சை வேற வருது. யாராவது வழி சொல்லுங்க, அடுப்புல வேலையா இருக்கேன் அப்பறம் வந்து பாக்குறேன்

வீட்டுப்பள்ளி அம்மா:
பையனுக்கு என்ன வயசு? தமிழா இங்கிலீஷா? எந்தப் பரீட்சை?

சிவகங்கைச்சீமை:
சந்தேகமே வேணாம், போன்தான். என் அக்கா மகனுக்கும் இதே கதை. இங்கிலீஷ் எழுத்துல தட்டுறான், ல ள ழ எதுன்னு போனே பாத்து எடுத்துக் குடுத்துருது, பேனாவக் கையில எடுத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. போன ஒரு மாசம் பூட்டி வைங்க.

நன்னூல்நேசன்:
சொல்வதெழுதுதல் மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு. பெரிய பையன்னா இலக்கணம் சொல்லிக் குடுக்கணும். இத நான் இங்க பல தடவ எழுதியாச்சு, யாரும் பழைய பதிவத் தேடிப் படிக்கிறதில்ல. புணர்ச்சி, அதான் ரெண்டு வார்த்த சேரும்போது வர்ற மாற்றம், அது தெரியாதவனுக்கு தினம் பத்துப் பக்கம் டிக்டேஷன் போட்டாலும் வீண்தான்.

வீட்டுப்பள்ளி அம்மா:
சார் இத ஒத்துக்க மாட்டேன். இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு கல்வியாளர், 1923ல இறந்தாங்க, வீட்டுல படிக்கிற பிள்ளைங்களுக்காக நெறைய யோசிச்சவங்க. பெரிய பிள்ளைங்களுக்கும் டிக்டேஷன் வச்சாங்க, ஆனா திடீர்னு போட மாட்டாங்க. எழுதப்போற பத்திய முதல்ல பிள்ள கையில குடுத்துருவாங்க, எந்த வார்த்த தடுக்கும்னு அவனே பாத்து கண்ணுல வாங்கிக்கணும், அதுக்கப்பறம்தான் சொல்லி எழுதுறது. தப்பா எழுதுன வார்த்தையப் பாத்துக்கிட்டே இருந்தா அந்தத் தப்பு உருவம்தான் மனசுல நிக்கும்னு அவங்க சொல்றது. பிரான்ஸ்ல பெரியவங்களே டிக்டேஷன் எழுதுற டிவி போட்டி 1985லேர்ந்து இருபது வருஷம் நடந்துச்சு. மூணாங்கிளாஸோட முடியுற சமாச்சாரம் இல்ல சார்.

தேவகோட்டை டீச்சர்:
ஆச்சி, இருபது தப்புன்னு எண்ணிச் சொன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, என்ன தப்புன்னு தெரியணும். அவன் எழுதுனதுல ரெண்டு வரி அப்படியே, திருத்தாம இங்க அடிச்சுப் போடுங்க. யாரு வாசிக்கிறது, எப்படி வாசிக்கிறதுன்னும் சொல்லுங்க.

கோட்டையூரான்:
கண்ண டெஸ்ட் பண்ணுனீங்களா? எனக்கு எட்டாவதுலதான் பவர் இருக்குறது தெரிஞ்சது.

பள்ளத்தூர்க்காரி:
மன்னிச்சுக்கங்க எல்லாரும் கேட்டத இப்பத்தான் பாத்தேன். வயசு 15, தமிழ், திறந்தநிலைப் பள்ளியில பத்தாவதுக்குப் பதிஞ்சிருக்கு. கண்ணு போன வருஷம் பாத்தாச்சு நல்லாத்தான் இருக்கு. வாசிக்கிறது அவுக அப்பத்தா, எனக்கு காலையில நேரமில்ல, முகப்புத் திண்ணையில ரெண்டு பேரும் உக்காருவாக, அப்பத்தா ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிதானமா ரெண்டு தடவ சொல்லுவாக, அவன் எழுதுனதும் அடுத்த வார்த்த. நேத்து எழுதுனது இது:

மளை தண்ணீர் முற்றத்தில் விளுந்து வளிந்தது. அந்த பெரிய வீட்டின் கதவை திறந்து பார்த்தான்.

நன்னூல்நேசன்:
நான் சொன்னதுதான். "கதவை திறந்து". இரண்டாம் வேற்றுமை ஐ வெளிப்படையா வந்தா, அடுத்த வார்த்தையோட முதல்ல இருக்குற க ச த ப மிகும், அதாவது அதோட ஒற்று நடுவுல சேரும். நான்காம் வேற்றுமை கு வந்தாலும் மிகும், வீட்டுக்குப் போனான். அந்த இந்த எந்த, இதுக்குப் பின்னாலயும் மிகும். இந்த மூணு விதி தெரிஞ்சிருந்தா பாதித் தப்பு போயிருக்கும். வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறவங்க முதல்ல தாங்க படிக்கணும்.

தேவகோட்டை டீச்சர்:
சார், விதி சரி, அந்தக் கடைசி வரி வேணாம். ஆச்சி, அந்த ரெண்டு வரிய நல்லாப் பாருங்க. மழை, விழுந்து, வழிந்தது, மூணுலயும் ழ போயி ள. மழைத் தண்ணீர், அந்தப் பெரிய, கதவைத் திறந்து, மூணுலயும் ஒற்று இல்ல. ஆக ஆறு தப்பு, ரெண்டே வகை. இப்ப அவன் சரியா எழுதுனதப் பாருங்க. "திறந்து" வல்லின ற சரி, "பார்த்தான்" ர சரி, "தண்ணீர்" மூணு சுழி ண சரி, "வீட்டின்" ரெண்டு சுழி ன சரி. நம்ம பேச்சுல ரவும் றவும் ஒரே சத்தம்தான், காதால பிரிக்க முடியாது, அதக் கண்ணால படிச்சு வச்சிருக்கான். எழுத்து தெரியாத பிள்ள இல்ல அவன்.

அப்ப தப்பு எங்க? அப்பத்தா மளைன்னுதான் சொல்லியிருப்பாக, நம்ம பக்கத்துப் பேச்சு அது. வார்த்த வார்த்தையா நிறுத்துனா ஒற்று எங்க கேக்கும்? "கதவைத்திறந்து"ன்னு சேத்துச் சொன்னாத்தான் அந்த த் காதுல விழும். "கதவை", நிறுத்தம், "திறந்து"ன்னா அந்த த் காத்துல போச்சு. பையன் கேட்டத அப்படியே எழுதியிருக்கான், அதுக்குத்தான் ரெண்டு மாசமா பத்து பத்து தடவ எழுதியிருக்கான். எனக்கு அவன நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

காவிரிக்கரை:
பாண்டிநாட்டுப் பக்கமே ழ கிடையாதுங்க, எங்க தஞ்சாவூர்ல சின்னப் பிள்ளைக்குக்கூட வரும். தமிழ் தெரிஞ்ச ஆள வச்சு வாசிக்கச் சொல்லுங்க.

கோட்டையூரான்:
என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க. காரைக்குடியில 1939லேர்ந்து கம்பன் விழா நடக்குது, சா. கணேசன் ஐயா ஆரம்பிச்சது, தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்குற ஊரு. தமிழ் தெரியாதுன்னு எங்க அப்பத்தாக்களச் சொல்லாதீங்க. உங்க ஊரு பஸ்ஸ்டாண்டுலயும் வாளப்பளம்னுதான் கூவுறாக, நான் கேட்டிருக்கேன். மெட்ராஸ்ல வாயப்பயம்.

காவிரிக்கரை:
வியாபாரி கூவுறத வச்சுப் பேசாதீங்க. நான் வீட்டுப் பேச்சச் சொன்னேன்.

கோட்டையூரான்:
வீட்டுப் பேச்சுன்னா எல்லா ஊர்லயும் வீட்டுப் பேச்சுதான். மேடையில ஏறுனா அதே ஆளு ழ சொல்றாரு.

சிவகங்கைச்சீமை:
சண்டைய விடுங்க. ழவுக்கு நாக்கு நுனி மேல வளையணும் ஆனா அண்ணத்தத் தொடக்கூடாது, தொட்டா ள. எங்க வாத்தியார் கண்ணாடி முன்னால நிக்க வச்சுச் சொல்லிக் குடுத்தது. அது சரி, போன் பத்தி யாருமே பதில் சொல்லல?

பள்ளத்தூர்க்காரி:
டீச்சர் சொன்னதப் படிச்சதும் அழுதுட்டேன். அவன எவ்வளவு திட்டியிருக்கேன். ஆனா அப்பத்தாவ நிறுத்தச் சொல்ல முடியாது, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் குளிச்சு விபூதி பூசிக் கண்ணாடியோட வந்து உக்காருறாக

தேவகோட்டை டீச்சர்:
நிறுத்தவே வேணாம் ஆச்சி. வீட்டுப்பள்ளி அம்மா மேல சொன்ன மாதிரி பத்திய முந்துன நாளே அவன் கையில குடுத்துருங்க. வாய்விட்டு அவன் வாசிக்கட்டும், ழ வர்ற இடத்துக்கும் ஒற்று வர்ற இடத்துக்கும் பென்சில்ல கோடு போடட்டும். கண்ணு பாத்த வார்த்தைய அப்பத்தா மளைன்னு சொன்னாலும் கை மழைன்னு எழுதும். அவுகள வார்த்தையா வாசிக்காம ஒரு மூச்சுக்கு மூணு நாலு வார்த்தையா சேத்து, ஒரே தடவ வாசிக்கச் சொல்லுங்க. எழுதி முடிச்சதும் புத்தகத்த அவன்கிட்டயே குடுங்க, தப்ப அவனே பிடிக்கட்டும், நீங்க செவப்பு பேனாவ எடுக்காதீங்க. தப்பான வார்த்தைய அழிச்சுட்டு சரியானத ஒரு தடவ எழுதுனாப் போதும். பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு எட்டு வரி, அரை மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள். சார் சொன்ன மூணு விதியவும் அட்டையில எழுதி ஒட்டி வைங்க, அது உண்மையிலேயே உதவும். அதோட எதிர்ப்பக்கமும் சொல்லிருங்க, இல்லன்னா "ஒருப் பையன்", "வந்துப் போனான்"னு எல்லாத்துலயும் ஒற்றப் போட ஆரம்பிச்சுருவான். ஒரு பையன், வந்து போனான், படித்த பையன், இதுலல்லாம் மிகாது.

நன்னூல்நேசன்:
"எடுத்துக்கொண்டான்" மாதிரி வன்தொடர்க் குற்றியலுகரத்துல, அதாவது "த்து" மாதிரி வல்லின ஒற்றோட வர்ற உகரத்துல முடியுற வினையெச்சத்துக்கு அப்பறம் மிகும், "வந்து" மென்தொடர், "ந்து"ன்னு மெல்லின ஒற்று, அதனால மிகாது. இதையும் சேத்துக்கங்க. நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன், பையன் எழுதுன ரெண்டு வரியப் பாக்காம சொன்னது தப்பு.

வீட்டுப்பள்ளி அம்மா:
ஆச்சி என்ன ஆச்சு? ஒரு வாரமா ஆளக் காணோம்.

பள்ளத்தூர்க்காரி:
விசேஷ வீட்டுக்குப் போயிருந்தோம். மூணு தடவ புது மாதிரி போட்டாச்சு. நேத்து எட்டு வரியில நாலு தப்பு, நாலும் ஒற்று, நாலையும் அவனே பிடிச்சான். ழ எல்லாம் சரி. அப்பத்தா அடுத்த பத்தி எதுன்னு கேட்டு வாங்கி ராத்திரியே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிறாக. எல்லாருக்கும் நன்றி, அடுப்புல பால் வச்சிருக்கேன் வாரேன்