இன்டர்சோனுக்கு ‘மூட்டு முகிழ்வலயம்’

கருவில் மூட்டு அமையவிருக்கும் இடத்தில் தோன்றும் செல் அடுக்கே இன்டர்சோன் (interzone). அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘இடைவலயம்’ எளிய சொல்தான். மாணவர்கள் நாவிலும் எளிதாகப் படியும். ஆனால் அது இருப்பிடத்தை மட்டும் சுட்டிவிட்டு, அங்கே நடக்கும் வேலையைச் சொல்லாமல் விடுகிறது என்பதே என் தயக்கம்.

விரலை எடுத்துக்கொள்வோம். கருவில் அது முதலில் இடைவெளி ஏதுமற்ற குருத்தெலும்புக் கோலாகவே உருக்கொள்கிறது. பிறகு, மூட்டு அமையவேண்டிய இடத்துச் செல்கள் உருண்டை வடிவம் இழந்து, தட்டையாகி, நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. குருத்தெலும்புக்கு உரிய நார்ப்புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனை உண்டாக்குவதைக் கைவிட்டு, ஜிடிஎஃப்-5, டபிள்யூஎன்டி-9ஏ போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. குருத்தெலும்பாக்கத்தைத் தூண்டும் பிஎம்பி சமிக்ஞைகளுக்கு நாகின் என்னும் புரதம் அணைபோடுகிறது. நாகின் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் குருத்தெலும்பு பருத்துப் பெருகி மூட்டுகளே தோன்றவில்லை என்பது 1998இல் வெளியானது. அப்போது டபிள்யூஎன்டி-14 எனப்பட்ட டபிள்யூஎன்டி-9ஏயைக் கோழிக் கருவில் வேறோர் இடத்தில் வெளிப்படச் செய்தபோது, மூட்டு உருவாக்கத்தின் தொடக்க அடையாளங்கள் அங்கும் தென்பட்டன என்பது 2001இல் வந்த முடிவு.

ஆக, இது இரண்டு எலும்புகளுக்கு நடுவே எஞ்சிய வெற்றுப் பகுதி அன்று. மூட்டுக் குருத்தெலும்பும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களும், மூட்டுறையின் உட்படலமும் இச்செல்களின் வழித்தோன்றல்களிலிருந்தே பெரிதும் உருவாகின்றன. எனவே ‘மூட்டு முகிழ்வலயம்’ என்பதை முன்வைக்கிறேன். ‘முகிழ்வலயம்’ வினைத்தொகை; முகிழ்ந்த, முகிழ்கின்ற, முகிழும் என முக்காலத்தையும் அடக்கி நிற்கும். சுற்றுப்புறத்திலிருந்து புதிய செல்கள் தொடர்ந்து வந்து சேர்ந்தபடியே இருக்கும் ஒரு பகுதிக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கண வடிவம் எனக்குத் தோன்றவில்லை. ‘மூட்டுக்கரு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கரு என்பது செல்லின் உட்கருவையும் வளரும் உயிரையும் நினைவூட்டுவதால் குழப்பம் தரும்.

முகிழ் என்றாலும் மொட்டு என்றாலும் ஒன்றுதானே, கை கால்கள் அரும்பும் ‘அவயவ மொட்டு’டன் இது மயங்காதா என்று கேட்கலாம். மூட்டு என்ற அடைமொழி முன்னால் இருக்கும்வரை மயக்கம் நேராது. ஆகவே முதல் முறை வரும்போதாவது முழுத் தொடரையும் எழுதிவிட வேண்டும்.

எல்லையையும் இப்போதே வகுத்துக்கொள்வது நல்லது. நீரை ஈர்த்து வைக்கும் சர்க்கரைச் சேர்மமான ஹயலுரோனன் திரண்டு, தசைகளின் அசைவும் துணைசெய்ய, வலயத்தின் நடுவே பிளவு விழும் நிலையைக் ‘குழிவாக்கம்’ எனலாம். தசை இயக்கம் முடக்கப்பட்ட கோழிக் கருக்களில் மூட்டுகள் ஒட்டிப்போவதால், குழிவாக்கம் தனியொரு கட்டம் என்பது தெரிகிறது; அதற்குத் தனிச்சொல் வேண்டும். அது முடிந்தபின் ‘மூட்டுக்குழி’ என்பதே சரி. முகிழ்வலயம் என்ற பெயரை அந்நிலைக்கு நீட்டக் கூடாது.