பொது மைக்ரோஸ்கோப் மையம்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஆராய்ச்சி மாணவி
போன மாதம் நடந்தது, இன்னும் ஆறவில்லை. கட்டித் திசு வெட்டுகள், மூன்று சாயம் ஏற்றியவை. லேசரால் ஒளிரவைத்துப் படமெடுக்கும் கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் ராத்திரி நேரம்தான் கிடைத்தது. 20 மடங்கு பெரிதாக்கும் 20 எக்ஸ் லென்ஸ் வைத்தால் எல்லாம் பனிமூட்டம். முன்பு நன்றாக வந்த பழைய ஸ்லைடை வைத்தாலும் அதே கதை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், ஓரமெல்லாம் தூசி ஒட்டியிருந்தது. எண்ணெயே படக்கூடாத லென்ஸ் அது. யாரோ எண்ணெய் விட்டுப் பார்க்கும் 63 எக்ஸில் பார்த்துவிட்டு, ஸ்லைடை எடுக்காமலே 20க்குத் திருப்பியிருக்கிறார்கள். லாக் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வாரம் முழுக்க எல்லோரும் 'கருவி நன்றாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயைக்கூட மன்னித்துவிடலாம், அந்த வரியை முடியவில்லை.

மையப் பொறுப்பாளர்
எனக்கு உறுத்துவது வேறு. ஒரு குழு மருந்து கொடுக்காத செல்களை ஒரு வாரமும் கொடுத்தவற்றை அடுத்த வாரமும் படமெடுத்தது. பச்சை ஒளிர்வு பாதியாகக் குறைந்திருந்தது. கட்டுரைக்கு வரைபடமே தயார். சாஃப்ட்வேரில் இரண்டு தடவையும் 488 நானோமீட்டர் லேசர் 2 சதவீதம்தான். ஆனால் எதில் 2 சதவீதம்? லென்ஸ் முனையில் பவர் மீட்டர் வைத்து நான் வாராவாரம் குறிக்கும் தாளில், இடையில் அளவு சரிந்திருந்தது. இரண்டு வகைச் செல்களையும் ஒரே நாளில் வைத்து எடுக்கச் சொன்னேன். வித்தியாசம் காணவில்லை. அந்த மாணவர் திரையைப் பார்த்தபடி, "அப்போ மருந்து ஒண்ணும் பண்ணலையா சார்?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பட ஆய்வாளர்
பொறுப்பாளர் சார், வாராவாரம் அளந்தவர் சரிந்த அன்றே ஏன் எல்லோருக்கும் சொல்லவில்லை? மாணவர் மேல் பரிதாபப்படுவது அப்புறம் இருக்கட்டும்.

என் அனுபவம் சின்னது. கட்டுரையின் மறுஆய்வாளர் மூலக் கோப்புகளைக் கேட்டார், எங்களிடம் மிஞ்சியது சுருக்கிச் சேமித்த ஜேபெக் மட்டும். அவ்வளவுதான்.

புதிதாக மையம் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயம். ஒப்பிட வேண்டிய மாதிரிகளை ஒரே அமர்வில், ஒரே அமைப்பில் எடுக்க வையுங்கள். 12 பிட் படத்தில் உச்ச எண்ணான 4095ஐத் தொட்ட புள்ளியை அளவிட்டுப் பயனில்லை, அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் அதே எண்தான் பதிவாகும். மாதிரியை மூடும் கவர் ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும், பெரும்பாலான லென்ஸ்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. 100 நானோமீட்டர் ஒளிர்மணிகளை அவ்வப்போது படமெடுத்துச் சேர்த்து வையுங்கள். லென்ஸ் கெடத் தொடங்கினால் மணி தெரியும் புள்ளியின் வடிவம் கோணலாகி முதலில் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் லென்ஸுக்குப் போனால் ஸ்லைடை எடுத்துத் துடைக்காமல் திரும்பக்கூடாது என்பதை டிரெய்னிங்கில் கையால் செய்து காட்ட வையுங்கள். சுவரில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், கருவி வாங்கும் பணத்திலேயே முழுநேர ஆள் ஒருவருக்கும் சேமிப்பகத்துக்கும் ஒதுக்குங்கள். லைட் ஷீட் மைக்ரோஸ்கோப் ஒன்று வந்தாலே தரவு டெராபைட் கணக்கில் குவியும்.

மருத்துவர், ஆராய்ச்சிப் பிரிவு
எங்களுக்கு அறைதான் எதிரி. அதிர்வுக்குப் பயந்து லிஃப்டை விட்டுத் தள்ளி அறை கேட்டோம், கிடைத்தது. மேசையும் நல்ல மேசை. ஏசி காற்று நேரே ஸ்லைடு வைக்கும் ஸ்டேஜில் விழுவதை யாரும் கவனிக்கவில்லை. ஏசி நின்று ஓடும்போதெல்லாம் உலோகம் சுருங்கி விரிந்து ஃபோகஸ் நழுவும். உயிருள்ள செல் ஒன்றை இரவு முழுக்கப் படமெடுத்தோம். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக வந்து நின்றன. அடுத்தடுத்த படங்கள் வெறும் மங்கல். மறுபடி தெளிந்தபோது அங்கே இரண்டு செல்கள் இருந்தன. பார்க்க நினைத்ததே அந்த இடைவெளியைத்தான்.

மையப் பொறுப்பாளர்
ஆய்வாளருக்கு: அந்தத் தாள் கதவிலேயேதான் தொங்கியது, சார். சுவரில் ஒட்டினால் படிப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது புக்கிங் பக்கத்தைத் திறந்ததும் அந்த வார அளவு முதலில் வருகிறது, குறைந்திருந்தால் சிவப்பில். மாணவி அம்மா, அந்த 20 எக்ஸை நீங்களாகத் துடைக்க வேண்டாம், பொறுப்பில் இருப்பவரிடம் கொடுங்கள். முன்கண்ணாடியில் கீறல் விழுந்தால் போகாது.