புதுப்பிப்பு: மூன்று ஃபேஸ், மூன்று விதமான லோடு

ஒவ்வொரு ஃபேஸிலும் வேறு கரண்ட் ஓடும் எங்கள் பட்டறையில் மொத்த பவரை எப்படிக் கணக்கிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கிளாம்ப் மீட்டரில் தனித்தனியாக அளந்துவிட்டோம். ஃபேஸ் வோல்டேஜ் (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே) மூன்றிலும் 230. ஃபேஸுக்கு ஒரு மெஷின்.

கம்ப்ரசர்: 10 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்டேஜ் × கரண்ட்டில் உண்மையான பவராகும் பங்கு) 0.8, அதாவது 230 × 10 × 0.8 = 1840 வாட். டிரில்லிங் மெஷின்: 6 ஆம்பியர், 0.7, 966 வாட். ஹீட்டர்: 12 ஆம்பியர், 1, 2760 வாட். மொத்தம் 5566 வாட்.

சராசரி கரண்ட்டை எடுத்து, எல்லாவற்றுக்கும் 0.8 என்று வைத்து √3 சூத்திரத்தில் (√3 × இரண்டு ஃபேஸுக்கு இடையிலான வோல்டேஜ் × கரண்ட் × பவர் ஃபேக்டர்) போட்டால் 5152 தான் வரும். சமமான லோடு இருந்தால்தான் அந்தச் சூத்திரத்தை நம்பலாம்.

அப்புறம், மொத்த பவரை நேரடியாக அளக்க இரண்டு வாட்மீட்டர் போதுமே என்று சிலர் சொன்னீர்கள். நியூட்ரல் இல்லாத மூன்று வயர் இணைப்புக்கு அது சரி, லோடு சமமில்லாவிட்டாலும். எங்களுடையது நான்கு வயர். நியூட்ரலிலும் கரண்ட் ஓடுவதால் மூன்று வாட்மீட்டர் கட்டாயம் வேண்டும். வயர்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான வாட்மீட்டர் வேண்டும் என்ற புளோண்டல் தேற்றம் சொல்வதும் இதைத்தான்.